கொரோனா வாயுவும் முகிலிடை வெவ்வளியும்

முழுச் சூரிய கிரகணத்தில் நிலவின் கருவட்டத்தைச் சுற்றி இதழ் இதழாக விரியும் வெண்ணிற ஒளிக்குக் கொரோனா என்று பெயர். லத்தீன் சொல். தலையில் சூடும் மாலை என்று பொருள். பண்டைத் தமிழர் மார்பில் அணிந்த மாலையைத் தார் என்றும், தலையில் சூடியதைக் கண்ணி என்றும் பிரித்துச் சொன்னார்கள். அந்தக் கண்ணிதான் கொரோனா. ஆங்கிலேயரின் 'கிரவுன்' இதே சொல்லிலிருந்து வந்தது.

விண்மீன்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் மிகச் சூடான வாயு ஒன்றையும் 'கொரோனா வாயு' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. சரி, சூரியன் சூடிய கண்ணி விண்மீன்களுக்கு இடையே எப்படிப் போனது?

சூரியக் கொரோனாவின் வெப்பம் பத்து லட்சம் டிகிரி என்பது 1940-களில் உறுதியானது. அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் பச்சைக் கோடு, 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பிலிருந்து வருகிறது என்று சுவீடன் இயற்பியலாளர் பெங்க்ட் எட்லேன் காட்டினார். 1956-இல் அமெரிக்க வானியலாளர் லைமன் ஸ்பிட்சர் வேறொரு புதிரை எடுத்தார். பால்வீதியின் தட்டுக்கு வெகு மேலே குளிர்ந்த வாயு முகில்கள் இருந்தன. சுற்றிலும் ஒன்றுமில்லை என்றால் அவை எப்போதோ கலைந்திருக்க வேண்டும். அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத, மிகச் சூடான, மிக மெல்லிய வாயு ஒன்று அவற்றை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்திருக்கிறது என்றார் அவர். சூரியக் கொரோனாவைப் போன்ற வெப்பம் என்பதால் இதற்கும் அதே பெயர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அந்த அழுத்தம் புரியும்: துகள்களின் எண்ணிக்கையை வெப்பநிலையால் பெருக்கினால் அழுத்தத்தை ஒப்பிடலாம். குளிர்ந்த முகிலில் ஒரு கன செண்டிமீட்டருக்குச் சுமார் 40 அணுக்கள், வெப்பநிலை 80 கெல்வின்: பெருக்கினால் 3200. சூடான வாயுவில் 0.003 துகள், பத்து லட்சம் கெல்வின்: பெருக்கினால் 3000. ஒரு பெரிய டம்ளர் கொள்ளும் இடத்தில் ஒரே ஒரு துகள்! அந்த ஒன்று ஓடும் வேகத்தால்தான் தராசு சமமாக நிற்கிறது. 1972-இல் ஏவப்பட்ட கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோள், ஐந்து எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனை விண்மீன்களுக்கு இடையே கண்டது. அவ்வளவு எலக்ட்ரான்களைப் பறிக்க லட்சக்கணக்கான டிகிரி வேண்டும். இந்த வெப்பத்தைத் தருபவை பெரும்பாலும் வெடித்துச் சிதறும் விண்மீன்கள்.

இனி தமிழ்ப் பெயர். கொரோனாவுக்கு 'மகுடம்' என்ற சொல் சூரியனைப் பொறுத்தவரை அழகாகப் பொருந்தும். இந்த வாயுவோ எதன் தலையிலும் இல்லை, முகில்களுக்கு நடுவே நிறைந்து கிடக்கிறது. 'முகில்சூழ் வளி' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 'முகில்சூழ் மலை' என்றால் முகில் மலையைச் சூழ்கிறது, இங்கே நடப்பது நேர்மாறு. 'விண்மீனிடை' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் 'முகிலிடை' காதுக்குப் புதிதாக இருக்காது. சுடுநீர் வெந்நீர் ஆவதுபோல், சுடும் வளி வெவ்வளி. ஆகவே என் தேர்வு 'முகிலிடை வெவ்வளி'. பால்வீதி முழுவதையும் போர்த்தியிருக்கும் பகுதியைச் சொல்லும்போது மட்டும் 'பால்வீதி மகுடம்' என்று எழுதலாம்.