கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர்

சின் மிங் பகுதியில் ஒரு பட்டறையில், 1960களின் மோரிஸ் மைனர் காரிலிருந்து முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் கழற்றுவதை அருகில் நின்று பார்த்தேன். சிங்கப்பூரில் 35 ஆண்டு தாண்டிய கார்களுக்கான திட்டத்தில் அந்த வண்டி ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். மற்ற நாளெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். மழை பெய்தால் காருக்குள் முன்பக்கத் தரை நனைந்துவிடுகிறது என்பதுதான் உரிமையாளரின் கவலை.

இன்றைய கார்களில் கண்ணாடியைப் பசை போட்டு உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். இதுபோன்ற பழைய கார்களில் அப்படி ஒட்டுவதில்லை. இருபுறமும் பள்ளம் உள்ள ஒரு ரப்பர் வார், ஒரு பள்ளத்தில் கண்ணாடியின் விளிம்பையும் மறு பள்ளத்தில் காரின் தகட்டு விளிம்பையும் கவ்விக்கொண்டிருக்கிறது. கண்ணாடியை எடுக்க வேண்டுமானால் அந்த ரப்பரின் பிடியைத்தான் விடுவிக்க வேண்டும்.

ரப்பர் ஏன் நீள்கிறது, ஏன் மீள்கிறது? அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. வெயிலும் ஆக்சிஜனும் ஆண்டுக்கணக்கில் மேலும் மேலும் முடிச்சுகளைப் போட, அசைய இடமில்லாமல் ரப்பர் விறைத்துப்போகிறது. காற்றிலுள்ள ஓசோனோ, இழுபட்டிருக்கும் மேற்பரப்பில் சங்கிலிகளையே அறுத்து வெடிப்புகளை உண்டாக்குகிறது. அந்த வெடிப்புகளைத் தடவிப் பார்த்தபோது என் மனம் வேறெங்கோ போனது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தது இந்தச் சிங்கப்பூருக்குத்தான். மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைத் தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி இங்குள்ள தாவரவியல் பூங்காவில்தான் செம்மைப்படுத்தினார். பிறகு மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வெட்டியவர்களில் பெரும்பங்கு நம்மவர்கள். ரப்பரை வெறும் உதிரிப்பொருளாக என்னால் பார்க்க முடிவதில்லை.

“கத்தியை எடுக்கும் முன் மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட வேண்டும், தம்பி” என்றார் மெக்கானிக் அண்ணன். கண்ணாடியின் கீழ்மூலையில் பொறித்திருக்கும் பொடி எழுத்துகள், அது அடுக்குக் கண்ணாடியா, கடினப்படுத்திய கண்ணாடியா என்று சொல்லிவிடும். அடுக்குக் கண்ணாடி என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்தது. உடைந்தாலும் சில்லுகள் படலத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனால் வளைத்தால் விளிம்பிலிருந்து கீறல் ஓடிவிடும்.

கடினப்படுத்திய கண்ணாடியின் கதை வேறு. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சித் திடீரென்று குளிரவைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உள்பகுதி பிறகு மெல்லக் குளிர்ந்து சுருங்கும்போது, இறுகிய மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. அதனால் மேற்பரப்பு நிரந்தர அழுத்தத்திலும் உள்பகுதி நிரந்தர இழுவிசையிலும் இருக்கின்றன. உள்ளங்கையால் தள்ளினால் தாங்கும். ஸ்க்ரூடிரைவர் முனை விளிம்பில் பட்டு அந்த இழுவிசைப் பகுதியைத் தொட்டால், ஒரு நொடிக்குள் முழுக் கண்ணாடியும் கல்கண்டுபோல் உதிர்ந்துவிடும். பின்கண்ணாடி பெரும்பாலும் இந்த வகைதான். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் முன்கண்ணாடியும் இதுவே. நெம்பி எடுப்பவர்கள் கண்ணாடியை இழப்பது இதனால்தான்.

அண்ணன் நெம்பவில்லை. வெளிப்புற ரப்பர் உதட்டைக் கத்தியால் சுற்றிலும் சீவி எடுத்தார். பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைப்பது வீண் ஆசை. புதியது வாங்கலாம், கண்ணாடி கிடைப்பது அவ்வளவு எளிதல்ல. பிறகு உள்ளே அமர்ந்து, மேல்மூலையில் இரு உள்ளங்கைகளையும் விரித்து மெல்ல அழுத்தினார். வெளியே இருவர் ஏந்திக்கொண்டார்கள். வளைந்த கண்ணாடியைப் படுக்கவைத்தால் ஓரிரு புள்ளிகளே எடையைச் சுமக்கும் என்பதால், கம்பளி விரித்த மரக்கட்டைமேல் நிமிர்த்தி வைத்தார்கள்.

கீழ்மூலைத் தகட்டில் துரு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. ரப்பரின் பள்ளத்தில் தேங்கிய மழைநீர் அங்கேதான் ஊறிக் கிடந்திருக்கிறது. அதைச் சுரண்டி, பூச்சடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

திரும்பப் பொருத்தும்போது கண்ணாடியில் புது ரப்பரை மாட்டி, அந்த ரப்பரில் தகட்டைக் கவ்வும் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிலும் பதித்து, சோப்புத் தண்ணீர் தடவினார்கள். எண்ணெய் தடவினால் ரப்பர் உப்பிவிடும். சோப்புத் தண்ணீரோ வழுக்கிக்கொடுத்துவிட்டுக் காய்ந்துவிடும். உள்ளிருந்து கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பர் உதடு விரல் விரலாகப் புரண்டு தகட்டைக் கவ்விக்கொண்டே வந்தது.