டெரட்டோஜென்: உருத்திரிபுக் காரணி

கருப்பையில் வளரும் சிசுவின் உறுப்பமைப்பைக் குலைப்பது மருந்தோ, கிருமியோ, கதிர்வீச்சோ, எதுவானாலும் அதற்கு டெரட்டோஜென் என்று பெயர். கிரேக்கத்தில் 'டெராஸ்' என்றால் அபசகுனம், விந்தைப் பிறவி, அரக்கன். 'ஜென்' என்றால் பிறப்பிப்பது. குறையோடு பிறந்த குழந்தையைத் தெய்வக் குற்றமாகக் கருதிய காலத்தின் எச்சம் இது. பிரெஞ்சு விலங்கியலாளர் இசிதோர் ஜெஃப்ராய் செயிண்ட்-இலேர் 1830களில் 'டெரட்டாலஜி' என்ற துறைப்பெயரை உருவாக்கினார். இத்தகைய பிறவிகளும் இயற்கை விதிக்கு உட்பட்டவையே என்றவர் அவர்; பெயரிலிருந்து மட்டும் அரக்கன் போகவில்லை.

தமிழில் 'ஊனமாக்கி' என்று எழுதினால் அதே இழிவு தொடரும். 'கருத்திரிப்பி' சுருக்கமானதுதான், ஆனால் பிறர் கருத்தைத் திரித்துப் பேசுபவரோ என்று வாசகர் திகைப்பார். 'உருத்திரிபுக் காரணி' என்பதே என் தேர்வு. பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகிறது; அதை யாரும் பழிப்பதில்லை. திரிபு என்ற சொல்லில் மாற்றம் உண்டு, வசை இல்லை.

பலருக்கும் தெரிந்த உருத்திரிபுக் காரணி தாலிடமைடு என்ற தூக்க மருந்து. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். கை கால்கள் குறுகியோ இல்லாமலோ பிறந்தவர்கள் பலர். எலிகளில் இந்த மருந்து அத்தகைய கேட்டை விளைவிப்பதில்லை, முயல்களில் விளைவிக்கிறது. எந்த விலங்கை நம்புவது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

அதற்கான விடைகளில் ஒன்று குருத்தணுச் சோதனை. குருத்தணு (ஸ்டெம் செல்) என்பது உடலின் பல வகை உயிரணுக்களாக மாறக்கூடிய உயிரணு. ஜெர்மனியில் 1990களில் உருவான முறையில், சுண்டெலிக் கருவின் குருத்தணுக்கள் சுமார் 750 கொண்ட 20 மைக்ரோலிட்டர் துளிகளைப் பெட்ரி தட்டு மூடியின் உட்புறத்தில் தொங்கவிடுவார்கள். அணுக்கள் துளியின் அடியில் திரண்டு சிறு உருண்டையாகும். பத்தாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால், இதயத்தசையாக மாறிய பகுதி தானாகவே துடித்துக்கொண்டிருக்கும்! சோதிக்கும் வேதிப்பொருளைத் தொடக்கம் முதலே கலந்து வளர்த்தால், எந்த அளவில் அந்தத் துடிப்பு குறைகிறது என்று கணக்கிடுவார்கள். வளர்ந்த உயிரணுக்களைக் கொல்லாத குறைந்த அளவிலேயே துடிப்பு தடைபட்டால், அந்தப் பொருள்மீது ஐயம் வலுக்கும்.

இதிலும் ஓட்டை உண்டு. துளிக்குள் நஞ்சுக்கொடியும் இல்லை, மருந்தை உருமாற்றும் கல்லீரலும் இல்லை. சுண்டெலி அணு என்பதால் தாலிடமைடு போன்றவை தப்பவும் கூடும். மனிதக் குருத்தணுக்களை ஆய்வாளர்கள் நாடியதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு சொல்லையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கருவின் இறப்பு, உறுப்புத் திரிபு, வளர்ச்சிக் குறைவு, செயல்பாட்டுக் குறை ஆகிய நான்கும் அடங்கியது 'கருவளர்ச்சி நச்சுத்தன்மை'. உருத்திரிபு அதில் ஒரு பகுதிதான். எனவே குருத்தணுத் துளியில் துடிப்பைத் தடுத்த ஒரு பொருளை உடனே டெரட்டோஜென் என்று எழுதுவது பிழை. 'கருவளர்ச்சி நச்சுத்தன்மை இருக்கக்கூடிய பொருள்' என்பதே அந்தச் சோதனை தாங்கும் சொற்றொடர்.