உயில்: உயிரிலிருந்து வந்த சொல்லா?

"உயிர் போன அப்புறம் பிரிச்சுப் படிக்கிற தாள்மா, அதனாலதான் உயில்." பினாங்கு கடைத்தெருவில் மசாலா மில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். கடை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நான் வேலை செய்யும் லாயர் ஆபீசுக்கு வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக "உயில் எழுதியாச்சா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. விரலில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளைத் துடைத்துக்கொண்டே, "நல்ல நாள்ல ஏம்மா அந்தப் பேச்சு?" என்றார்.

அவர் சொன்ன விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உயிருக்கும் உயிலுக்கும் உறவில்லை. உயில் 'will' என்ற ஆங்கிலச் சொல். உதட்டைக் குவித்துத் தொடங்கும் அந்த ஆங்கில ஒலியைப் பழைய அச்சில் உகரம் போட்டுத்தான் காட்டினார்கள். வெஸ்லியை உவெஸ்லி என்று எழுதிய காலம் உண்டு. 'வில்' என்றே எழுதியிருந்தால் அம்பு எய்கிற வில்லோடும் பொருளை விற்பதோடும் குழம்பியிருக்கும். உயில் என்ற வடிவம் நிலைத்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் விருப்பம். சாவு அதில் எங்குமே இல்லை. நம்மிடம் வந்தபோது விருப்பம் கழன்றுவிட்டது. 'மரண சாசனம்' என்று பெயர்த்ததில் மரணம் முன்னால் வந்து நின்றுகொண்டது. சாசனம் என்றால் கட்டளை. மரணமும் கட்டளையும் சேர்ந்த பெயரைக் கேட்டால் யாருக்குத்தான் பேனாவை எடுக்கத் தோன்றும்?

இதே ஊரில் தமிழ் முஸ்லிம் கடைகளுக்குள் போனால் 'வசிய்யத்' என்பார்கள். அரபுச் சொல், ஒப்படைத்துச் சொல்லிவிட்டுப் போவது என்ற பொருள். மலாயில் அதுவே 'வசியாட்'. அதை நிறைவேற்றி வைப்பவரைக் குறிக்கும் 'வாசி' என்ற மலாய்ச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் நிறைவேற்றுநர் எனலாம். சொல் ஒன்றாக இருந்தாலும் சட்டம் வேறு. மலேசியாவின் 1959ஆம் ஆண்டு வசியாட் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. அவர்கள் வசிய்யத்தாகக் கொடுக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்கு வரைதான். மீதி ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பிரியும்.

சரி, நல்ல தமிழ்ச் சொல் எது? அகராதிகளில் இறுதிமுறி, விருப்பாவணம், விருப்புறுதி மூன்றும் உண்டு. முறி என்றால் எழுதிய ஓலை, பத்திரம். பழைய சொல்தான், ஆனால் 'இறுதி' மறுபடியும் அதே பயத்தைக் கிளப்புகிறது. விருப்பாவணம் தெளிவானது. எனக்குப் பிடித்தது விருப்புறுதி. யாழ்ப்பாணத்தார் நிலப் பத்திரத்தைக் 'காணி உறுதி' என்பார்கள். அந்த வழக்கையும் சேர்த்துப் பார்த்தால் விருப்புறுதி என்பது விருப்பத்துக்கு எழுதிய பத்திரம். வெறும் விருப்பம் போதாது, அதை உறுதியாக்க வேண்டும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

உறுதியாக்குவது எப்படி என்பதற்கு நமக்குத் தெரிந்த பழைய கதையே உண்டு. சுந்தரரின் திருமணப் பந்தலில் வந்து நின்ற முதியவர் ஓர் ஓலையைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். அது படிதான், மூல ஓலை இருக்கிறது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் பாட்டனாரின் கையெழுத்தை வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்பு வருகிறது. இங்கே லெபோ லைட் தெருவில் இருக்கும் உயர்நீதிமன்றமும் உயிலின் மூலத்தைத்தான் கேட்கும். நகலை மட்டும் வைத்துக்கொண்டு அலைவது பெரும்பாடு.

சாட்சி விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் அதிகம் தவறுகின்றன. எழுதுபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; எழுத்தில் இருக்க வேண்டும்; முடிவில் அவர் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து பார்த்து, அவர்களும் கையெழுத்திட வேண்டும். வீட்டில் எழுதும்போது சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவோம்? மாப்பிள்ளையை. படித்தவர், பொறுப்பானவர், பக்கத்திலேயே இருப்பவர். ஆனால் சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. உயில் நிற்கும், மகளுக்கு எழுதிய வீடு மட்டும் நழுவிப் போகும். நல்ல மனதோடு போட்ட ஒரு கையெழுத்தால் இப்படி ஆவதை நினைத்தால் வயிறு எரிகிறது. பங்கில்லாத பக்கத்துக் கடைக்காரர் இருவரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று: முன்பே எழுதி வைத்துவிட்டு அப்புறம் திருமணம் செய்துகொண்டால், அந்தத் திருமணத்தை மனதில் வைத்து எழுதியது அல்ல என்றால், பழைய உயில் ரத்தாகிவிடும்.

மில்காரப் பெரியவர், எல்லாம் மனைவிக்குத்தானே போகும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அவருக்குத் தாயார் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுதாமல் போனால் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி தாயாருக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. அரைக்கும் இயந்திரத்தைக் காலும் அரையுமாக எப்படிப் பிரிப்பது? தனி ஆள் பெயரில் பதிந்த கடைக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உயிர் கிடையாது. சரக்கு, இயந்திரம், கொடுக்க வேண்டிய கடன் எல்லாமே அவருடைய சொத்துக்கணக்கில்தான் சேரும். கூட்டு வியாபாரமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் எழுதியிராத பட்சத்தில், ஒருவர் இறந்ததும் கூட்டே கலைந்துவிடும் என்கிறது 1961ஆம் ஆண்டுக் கூட்டுத்தொழில் சட்டம். செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம் என்றால் நிறுவனம் நிற்கும், பங்குகள் மட்டும் வாரிசுகளுக்கு நகரும். இ.பி.எஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணத்துக்கு, யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் கொடுத்திருந்தால் அது தனி வழி.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தமிழ்ல எழுதலாமா?" எழுதலாம். நீதிமன்றத்துக்குப் போகும்போது சான்று பெற்ற மொழிபெயர்ப்பு கூட வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து, இயந்திரம் மகளுக்கு, வீடு மனைவிக்கு, தாயாருக்கு மாதச் செலவு என்று ஒரு பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். அதை வைத்து லாயர் முறையாகத் தயாரித்துக் கொடுத்தார். உறையின் மேல் என்ன எழுதட்டும் என்று நான் கேட்டேன். பேனாவை என் கையிலிருந்து வாங்கி, றுகரத்தில் கொஞ்சம் தயங்கி, விருப்புறுதி என்று அவரே எழுதினார்.