0 சதவீதம் காட்டும் மென்பொருள் சார்ஜை எங்கே கொண்டுபோகிறது?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “மாதச் சந்தா கட்டி ஒரு போட்டோ எடிட்டிங் மென்பொருள் வைத்திருக்கிறேன். அதைத் திறக்காத நாளிலும் அதன் பெயரில் ஏழெட்டு பிராசஸ் ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் எல்லாம் 0 சதவீதம். கஸ்டமர் கேரில் கேட்டால், ‘அது ஒண்ணும் எடுத்துக்காது மேடம்’ என்கிறார்கள். பிறகு லேப்டாப்பில் சார்ஜ் ஏன் இப்படி இறங்குகிறது?”

கஸ்டமர் கேர் சொன்னது பொய்யில்லை. அந்த 0 எதை அளக்கிறது என்பதில்தான் சிக்கல்.

ஏன் இத்தனை பிராசஸ் (பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிடி வாங்கிய காலத்தில் காசு கொடுத்ததோடு கணக்கு தீர்ந்தது. 2013 மே மாதம் அடோபி, இனி கிரியேட்டிவ் தொகுப்பின் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்று அறிவித்தது. பிறகு பலரும் அதே வழிக்கு வந்தார்கள். சந்தா என்று வந்துவிட்டால், பணம் கட்டியிருக்கிறீர்களா என்று பார்க்க ஒன்று, அப்டேட் தேட ஒன்று, கிளவுடில் கோப்புகளைச் சேர்க்க ஒன்று, நீங்கள் எந்த பட்டனை அழுத்தினீர்கள் என்று கம்பெனிக்குச் சொல்ல ஒன்று.

இனி சுவையான பகுதி. வேலை இல்லாதபோது பிராசஸர் விழித்துக்கொண்டு காத்திருப்பதில்லை, தூங்கிவிடுகிறது. அந்தத் தூக்கத்தில் படிகள் உண்டு. இன்டெல் சில்லுகளில் சி1 என்பது கண்ணயர்வு: கோரின் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் அலகு) கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். சி6 ஆழ்ந்த உறக்கம்: ரெஜிஸ்டர் என்ற குட்டிச் சேமிப்பிடங்களில் உள்ளதைத் தனி நினைவகத்தில் பத்திரப்படுத்தி, கேஷ் என்ற தன் பக்கத்து நினைவகத்தைக் காலி செய்து, கோர் தன் மின்னழுத்தத்தையே கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். நீங்கள் இந்தப் பத்தியைப் படிக்கும் நேரத்திலும் உங்கள் கோர்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் சி6-க்குள் போய் வரவே மின்சாரம் செலவாகும். எழுந்ததும் காலியான கேஷை மறுபடி நிரப்ப வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தூங்கினால்தான் லாபம். அதனால் ஒவ்வொரு முறையும் இயங்குதளம் (விண்டோஸ், லினக்ஸ் போன்றவை) ஒரு ஊகம் செய்கிறது: அடுத்து யார், எப்போது எழுப்புவார்கள்? லினக்ஸில் எந்தப் படிவரை தூங்கலாம் என்று முடிவெடுக்க ‘மெனு’ என்றொரு கவர்னர் நிரல் உண்டு. அடுத்த டைமர் (முன்பே வைத்த அலாரம்) எப்போது என்று பார்ப்பதோடு நிற்காமல், கடைசி 8 தூக்கங்கள் எவ்வளவு நேரம் நீடித்தன என்பதையும் அது நினைவில் வைத்திருக்கிறது. அவற்றின் சராசரி, திட்ட விலக்கம் இரண்டையும் கணக்கிட்டு, ஒட்டாத பெரிய எண்களைத் தள்ளிவிட்டு, ஒழுங்கு ஏதாவது தெரிகிறதா என்று தேடும். ‘அடிக்கடி எழுப்புகிறார்கள்’ என்று முடிவானால் ஆழத்துக்குப் போகவே போகாது, மேல் படியிலேயே நின்றுவிடும். பிளஸ் டூ புள்ளியியல் நம் மடிக்கணினிக்குள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது!

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு பின்னணி பிராசஸ் விநாடிக்கு 20 தடவை எழுந்து, ஒவ்வொரு தடவையும் 100 மைக்ரோ விநாடி வேலை பார்க்கிறது என்று வையுங்கள். மொத்தம் 2 மில்லி விநாடி, அதாவது ஒரு கோரில் 0.2 சதவீதம். 8 கோர் இருந்தால் 0.025. டாஸ்க் மேனேஜர் அதை 0 என்றுதான் காட்டும். ஆனால் இப்படிப் பத்து பிராசஸ் தத்தம் இஷ்டத்துக்கு எழுந்தால் விநாடிக்கு 200 எழுப்பல்கள். சராசரியாக 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை தூக்கம் கலைகிறது. சில்லு முழுவதும் ஆழத்துக்குப் போக எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் சும்மா இருந்தாக வேண்டும், அந்த வாய்ப்பும் குறைகிறது. கைக்குழந்தையைத் தூங்க வைத்த வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் காலிங் பெல் அடித்தால் என்ன ஆகும்? வந்தவர் வாசலில் அரை நிமிடம்தான் நின்றார் என்பது தாய்க்கு ஆறுதலா?

பொறியாளர்கள் கண்டுபிடித்த தீர்வும் அழகானது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வரட்டும்! அவசரமில்லாத டைமர்களைச் சற்று முன்பின் நகர்த்தி ஒன்றாகச் சேர்ப்பது 2009-இல் விண்டோஸ் 7-இல் வந்தது, 2013-இல் மேக்கின் மேவரிக்ஸ் பதிப்பிலும் வந்தது. அதற்கும் மேலாக, கோப்பு மாறியதா என்று நொடிக்கு நொடி எட்டிப் பார்க்கவே தேவையில்லை. மாறினால் இயங்குதளமே தகவல் சொல்லும். லினக்ஸில் அந்த வசதி 2005 முதலே இருக்கிறது. ஆக, தெரியாமல் நடப்பதில்லை இது. மின்கட்டணம் கட்டுவது வேறு யாரோ என்பதால் நடப்பது.

பிராசஸை நிறுத்தினால் மறுநொடியே முளைக்கிறதே என்றால், மேக்கில் லாஞ்ச்டி என்ற தாய் பிராசஸிடம் ‘இது செத்தால் மறுபடி கிளப்பு’ என்று முன்பே எழுதிக் கொடுத்திருப்பார்கள். விண்டோஸ் சர்வீஸ்களுக்கும் அப்படி ஒரு அமைப்பு உண்டு. இதனால்தான் பின்னணி பிராசஸ்களைக் கொன்று வேகம் கூட்டுவதாகச் சொல்லும் ‘ராம் பூஸ்டர்’ ஆப்கள் வெறும் மூடநம்பிக்கை என்கிறேன். கொன்றதை மறுபடி தொடங்கும் செலவு மிச்சத்தைவிட அதிகம். தவிர, அந்த பூஸ்டரும் பின்னணியில்தான் ஓடுகிறது.

கேட்காத வசதியைத் திணிப்பதும் இதே மனப்பான்மைதான். மைக்ரோசாஃப்ட் 365 அலுவலக மென்பொருள் தொகுப்பில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்து, ஆஸ்திரேலியாவில் தனிநபர் ஆண்டுச் சந்தாவை 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159 ஆக்கினார்கள். கோபைலட் இல்லாத பழைய விலைத் திட்டமும் இருந்தது. ஆனால் ரத்து செய்யப் போனால்தான் அது கண்ணில் படும் என்று சொல்லி, அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குப் போட்டது.

ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் ஒட்டுகிறோம், மென்பொருளுக்கு ஏன் இல்லை? ஜெர்மனியின் ‘நீல தேவதை’ என்ற சுற்றுச்சூழல் முத்திரை 2020-இல் மென்பொருளுக்கும் விரிந்தது. 2022-இல் அதை முதலில் வாங்கியது ஓகுலர், தன்னார்வலர்கள் எழுதிய இலவச பிடிஎஃப் வாசிப்பான். சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதையும் அளந்துதான் கொடுக்கிறார்கள். நம் ஊர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு இதற்கென நிதி ஒதுக்கினால், செயற்கை நுண்ணறிவு மாநாடுகளைவிட உருப்படியான செலவாக இருக்கும் என்பது என் கருத்து.

வாசகிக்கு: லினக்ஸில் பவர்டாப் என்ற கருவி, மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் ‘ஐடில் வேக் அப்ஸ்’ என்ற நெடுவரிசை, இவற்றைத் திறந்துகொள்ளுங்கள். எதையும் தொடாமல் சில நிமிடம் விட்டுப் பாருங்கள், எழுப்புகிறவர் யார் என்று தெரிந்துவிடும். விண்டோஸில் ஸ்டார்ட்அப் பட்டியலில் அந்தப் பெயரை அணைத்து வையுங்கள். அடுத்த அப்டேட் வந்ததும் அதே பட்டியலை இன்னொரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். பல நிறுவிகள் அந்த வரியைத் திரும்ப எழுதிவைத்துவிடுகின்றன.