பன்னிக்கு ஆன்டிபாடி வந்துருச்சு, அப்போ நோய் போயிருச்சா?

பினாங்குல பன்னிப் பண்ணை பக்கம் ஏதோ நோயாம்னு ஒரு செய்தி வந்தா போதும், நம்ம குடும்ப வாட்சப் குரூப் எல்லாம் பத்திக்கும். 2023 ஜனவரியில செபராங் பிறை பண்ணைங்கள்ல ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சல் வந்தப்போ எங்க சித்தி எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க, "தம்பி, நிப்பா திரும்பி வந்துருச்சாமே, நீ அந்த லேப் பக்கமே போகாதடா"ன்னு. நான் வேலை பாக்குறதே விலங்கு நோய் லேப்லதான், போகாம எப்படி. அதனால முதல்ல அத சொல்லிடுறேன். ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சல் மனுசனுக்கு வராது. பிஆர்ஆர்எஸ்னு ஒன்னு இருக்கு, பன்னிக்கு மூச்சையும் குட்டி போடுறதையும் கெடுக்குற நோய், பண்ணைக்காரங்க ப்ளூ இயர்னு சொல்லுவாங்க, அதுவும் வராது. நிப்பா வரும். மூனும் வேற வேற வைரஸ்.

நிப்பாவ யாரும் மறக்க மாட்டாங்க, நியாயம்தான். 1998 கடைசியில ஈப்போ பக்கம் ஆரம்பிச்சு நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக் வரைக்கும் போச்சு, நம்ம மலேசியாவுல 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தாங்க, பத்து லட்சத்துக்கு மேல பன்னிங்கள கொன்னாங்க. ஆரம்பத்துல ஜப்பானிய மூளைக் காய்ச்சல்னு நெனச்சு கொசு மருந்து அடிச்சுட்டு இருந்தாங்க, 1999 மார்ச்சுலதான் மலாயா பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் இது புது வைரஸ்னு கண்டுபிடிச்சார்.

ஆனா இன்னிக்கு எழுத வந்தது பிஆர்ஆர்எஸ் பத்தி. ஏன்னா பண்ணைத் தவுக்கேங்க, அதாவது முதலாளிங்க, என்கிட்ட அதிகம் கேக்குற கேள்வி இதுதான்: "ரிப்போர்ட்ல ஆன்டிபாடி இருக்குன்னு போட்டிருக்கு, பன்னி நல்லா சாப்பிடுது, காய்ச்சல் இல்ல, அப்புறம் என்ன, மத்த கொட்டகைக்கு மாத்திடவா?" மாத்தாதீங்க. ஆன்டிபாடிங்கறது கிருமிய எதுக்க உடம்பு செய்யுற புரோட்டீன், அது இருந்தா மட்டும் நோய் போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல. ஏன்னு சொல்றதுக்கு நான் கொஞ்சம் செல்லுக்குள்ள போகணும்.

உடம்புல இருக்குற செல் எல்லாமே சின்னச் சின்ன பைங்கள வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், நோய் இருந்தாலும் இல்லன்னாலும். வெசிக்கிள்னு சொல்லுவோம். அதுல ரொம்பப் பொடிசா, 30ல இருந்து 150 நானோமீட்டர் வரைக்கும் இருக்குறதுதான் எக்ஸோசோம், செல்லுக்கு உள்ளேயே ஒரு பெரிய பைக்குள்ள உருவாகி அப்புறம் மொத்தமா வெளிய கொட்டும். 1983ல கனடாவுல ரோஸ் ஜான்ஸ்டோன்னு ஒரு அம்மா ஆட்டோட இளம் சிவப்பணுவ வச்சு இத காட்டுனாங்க, அதே வருசம் அமெரிக்காவுலயும் எலியில பாத்தாங்க. அப்போ பல பேரு செல் வேண்டாத குப்பைய வெளிய தள்ளுதுன்னுதான் நெனச்சாங்க. 2007ல ஸ்வீடன் குழு ஒன்னு இந்தப் பைக்குள்ள ஆர்என்ஏ, அதாவது புரோட்டீன் செய்யுறதுக்கான குறிப்பு இருக்கு, அத வாங்குற செல் அதப் படிச்சு புரோட்டீன் செய்யுதுன்னு காட்டுனப்புறம்தான் எல்லாரும் நிமிர்ந்து உக்காந்தாங்க.

இப்போ பிஆர்ஆர்எஸ் வைரஸ். இது போய் உக்காருற எடம் பன்னியோட நுரையீரல்ல இருக்குற மேக்ரோஃபேஜ், அதாவது கிருமிய முழுங்க வேண்டிய செல்லுக்குள்ளயே இது குடித்தனம் பண்ணுது. வைரஸ் உள்ள வந்ததும் அந்த செல் வெளிய விடுற வெசிக்கிளும் மாறிடும். உள்ள போற புரோட்டீன் மாறும், குட்டி ஆர்என்ஏங்க மாறும், அதோட வைரஸோட சொந்த ஆர்என்ஏவும் புரோட்டீன் துண்டுங்களும் அந்தப் பைக்குள்ள ஏறிக்கும். வெளிச்சுவர் மட்டும் பன்னியோட சொந்தச் சுவர்தான். ஐஸ்கிரீம் டப்பான்னு ஆசையா ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தா உள்ள நெத்திலி கருவாடு இருக்குமே, அந்தக் கதை. ஆன்டிபாடி வைரஸோட வெளிமுகத்தத் தேடிப் போய் புடிக்கிற ஆளு, டப்பா மேல பன்னியோட முகம்தான் இருக்கு, அதனால விட்டுடுது. 2018ல சீனாவுல ஒரு குழு லேப் தட்டுல இத செஞ்சு பாத்தாங்க: நோய் புடிச்ச செல்லோட எக்ஸோசோம நல்ல செல்லு மேல போட்டா அதுக்கும் தொத்துது, வைரஸ அடக்குற ஆன்டிபாடி சேத்து ஊத்துனாலும் இந்த வழிய சரியா அடைக்க முடியல, சாதாரணமா இந்த வைரஸ் நுழைய முடியாத செல்லுக்குள்ள கூட போச்சு.

தட்டுல நடந்தது வேற, பண்ணையில நடக்குறது வேற, அத ஒன்னா போட்டு குழப்பிக்கக் கூடாது. ஆனா ஸ்பெயின்ல செஞ்ச இன்னொரு வேலையும் எனக்கு முக்கியமா படுது. பிஆர்ஆர்எஸ் வந்து தேறி, ரத்தத்துல வைரஸே இல்லன்னு ஆன பன்னிங்களோட சீரத்துல (ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியுற தண்ணி) இருந்து எக்ஸோசோம பிரிச்சுப் பாத்தாங்க, அதுக்குள்ள வைரஸ் புரோட்டீன் இருந்துச்சு. அது தொத்து பரப்புதுன்னு அர்த்தம் இல்ல, சொல்லப்போனா அவங்க அத தடுப்பூசி மாதிரி பயன்படுத்த முடியுமான்னுதான் பாத்தாங்க. ஆனா உடம்பு இன்னும் அந்த வைரஸ மூட்ட கட்டி அனுப்பி முடிக்கலன்னு மட்டும் தெரியுது.

தவுக்கேக்கு நான் இவ்வளவும் சொல்றதில்ல, சொன்னா போன வச்சிடுவாரு. அவருகிட்ட சொல்றது இதுதான்: எலைசா டெஸ்ட்ல ஆன்டிபாடி ஒன்னு ரெண்டு வாரத்துலயே தெரிஞ்சிடும், ஆனா வைரஸ நெசமாவே அடக்குற ஆன்டிபாடி வர்றதுக்கு ஒரு மாசமோ அதுக்கு மேலயோ ஆகும், அதுக்கப்புறமும் டான்சில்லயும் நிணநீர்க் கட்டியிலயும் அஞ்சு மாசம், சில பன்னியில அதுக்கு மேலயும் வைரஸ் ஒளிஞ்சிருக்கும். அதனாலதான் இந்த நோய் புகுந்த பண்ணையில 200 நாளுக்குக் குறையாம புதுப் பன்னி எதையும் உள்ள விடாதீங்கன்னு சொல்றோம். அந்த 200ங்குற நம்பர் கேட்டதும் அவரு மூஞ்சி போற போக்கு இருக்கே.

ரத்தம் எடுக்குறதும் லேசு இல்லீங்க, மூக்குல கயிறு மாட்டி ஒருத்தர் இழுக்கணும், அந்தக் கத்தல்ல காது அடைச்சிடும். இப்போ நெறைய எடத்துல பருத்திக் கயிறு முறைதான். தடியான பருத்திக் கயித்த கொட்டகையில தோள் உயரத்துக்குத் தொங்க விட்டா பன்னிங்க தானா வந்து மெல்லும், அரை மணி நேரத்துல கயிறு சொதசொதன்னு ஆயிடும், நுனிய பிளாஸ்டிக் பைக்குள்ள விட்டு பிழிஞ்சா எச்சி கெடைக்கும், அதுலயே வைரஸோட மரபணுவத் தேடுற பிசிஆர் டெஸ்ட் போடலாம். ஒரு கொட்டகைக்கே ஒரு சாம்பிள்.

ஆனா வெசிக்கிள் ஆராய்ச்சிக்கு அது பத்தாது. சீரத்த புவியீர்ப்ப விட ஒரு லட்சம் மடங்கு விசையில ஒரு மணி நேரத்துக்கு மேல சுத்தவிடணும், முடிஞ்சு டியூப எடுத்துப் பாத்தா அடியில ஒன்னுமே தெரியாது. அதான் வேடிக்கை. அதனால சுத்தவிடுறதுக்கு முன்னாடியே டியூப்போட வெளிப்பக்கம் எந்த மூலையில படியுமோ அங்க மார்க்கர்ல ஒரு வட்டம் போட்டு வச்சிடுவோம், அப்புறம் கண்ணுக்குத் தெரியாத அந்தப் படிவ அந்த வட்டத்த நம்பித்தான் கழுவி எடுக்கணும். பெரிய தலவலி என்னன்னா பிஆர்ஆர்எஸ் வைரஸே அம்பது அறுபது நானோமீட்டர்தான், எக்ஸோசோமும் அதே சைஸ், சுத்துனா ரெண்டும் ஒன்னா வந்து படுத்துக்கும். CD63 மாதிரி வெசிக்கிள் மேல இருக்குற புரோட்டீன வச்சு தனியா புடிச்சாத்தான் எது எதுன்னு சொல்ல முடியும், அத செய்யாம "எக்ஸோசோம் நோயப் பரப்புது"ன்னு எழுதுற பேப்பர நான் நம்ப மாட்டேன்.

இங்க ஒரு பக்கக் கதை. கோலாலம்பூர்ல பியூட்டி கிளினிக்ல எக்ஸோசோம் ஃபேசியல், நரம்புல ஏத்துற எக்ஸோசோம் ட்ரிப்னு விக்கிறாங்க, எங்க அண்ணியே "நல்லதா"ன்னு கேட்டாங்க. செல் எந்த நெலமையில இருக்கோ அந்த நெலமையத்தான் வெசிக்கிளும் தூக்கிட்டு வரும், அண்ணி, அது யாரோட செல், எப்படி டெஸ்ட் பண்ணாங்கன்னு கேளுங்க, பதில் வரலன்னா எழுந்து வந்துடுங்கன்னு சொன்னேன். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2019லயே இத பத்தி எச்சரிச்சிருக்கு.

காட்டுப்பன்னி பெரட்டல் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சாப்பிட்டு உங்களுக்கு ஆப்பிரிக்கக் காய்ச்சல் வராது, ஆனா தோட்டத்துல பன்னி வெட்டுன அதே பூட்ஸோட, அதே லோரியில பண்ணைக்குள்ள போனா அங்க இருக்குறது அத்தனையும் செத்துடும். இந்த வைரஸ் ரத்தத்துலயும் ஃப்ரீசர் கறியிலயும் மாசக் கணக்கா தாங்கும். சபாவுல 2021ல காட்டுல இருந்த தாடிப்பன்னிங்களும் இதுல செத்துச்சு. பூட்ஸ முதல்ல பிரஷ் போட்டு மண்ணு போக கழுவிட்டு அப்புறம் மருந்து ஊத்துங்க, அழுக்கு மேல மருந்து ஊத்துனா வேலை செய்யாது.

கடைசியா பண்ணையில இருந்து சாம்பிள் அனுப்புறவங்களுக்கு. தடுப்பூசி போட்ட தேதிய டியூப் கூட எழுதி அனுப்புங்க, ஊசியால வந்த ஆன்டிபாடியா நோயால வந்ததான்னு எலைசாவுக்குப் பிரிக்கத் தெரியாது. அப்புறம் முழு ரத்தத்த ஃப்ரீசர்ல போடாதீங்க, சிவப்பணு எல்லாம் ஒடைஞ்சு சாம்பிளே வீணாயிடும், ஐஸ் பாக்ஸ்ல வச்சு அன்னிக்கே அனுப்புங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேணாம்.