வயல் முங்கினால் உடனே உழுதுவிடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா பக்கம் பெருமழை அடித்தால் மறுநாளே எனக்குப் போன் வந்துவிடும். "சார், சம்பா மொத்தமா முங்கிப்போச்சு, உழுதுட்டு மறுபடி விதைக்கவா?" நடவு வயல் என்றால், கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வேன்.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுகிற வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. ஆக்சிஜன் இருக்கும்போது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லுக்கு 30-க்கு மேல் ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறுகள், கிடைக்கும். அது நின்றுபோனால் வெறும் 2. அந்த இரண்டும் தொடர்ந்து வர வேண்டுமென்றால் சர்க்கரை உடையும்போது உருவாகும் பைருவேட்டை ஏதாவது செய்தாக வேண்டும், அதற்காகப் பயிர் நொதித்தலுக்கு மாறுகிறது. முதலில் கொஞ்சம் லாக்டிக் அமிலம் உண்டாகும், செல்லில் அமிலத்தன்மை ஏறும், அப்புறம் எத்தனால் பக்கம் திரும்பிவிடும். ஆமாம், சாராயம்தான். அது தண்ணீரில் கசிந்து போய்விடும், அதோடு பயிர் சேர்த்து வைத்திருந்த கார்பனும் போகும்.

ஆக, முங்கிய பயிர் பிழைக்குமா என்பது தண்டிலும் இலையுறையிலும் எவ்வளவு சர்க்கரை சேமித்திருக்கிறது, அதை எவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண ரகங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. தண்ணீர் சூழ்ந்ததும் பயிரே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு உள்ளேயே தங்கி, பயிரை மேலே நீளச் சொல்லித் தூண்டும். இருந்த சர்க்கரையெல்லாம் அந்த நீட்சிக்கே போய்விடும், தண்ணீர் வடிந்ததும் பயிர் துவண்டு சாயும். ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற நெல்லில் இருக்கும் சப்1ஏ மரபணு இதற்கு நேர் எதிர், வளர்ச்சியை அடக்கிவைத்துக் காத்திருக்கும். நம் ஊரில் பயிரிடும் சிஆர் 1009 நெல் ரகத்தில் அதைச் சேர்த்து வந்ததுதான் சிஆர் 1009 சப்1, இளம்பயிராக முழுக்க மூழ்கியிருந்தாலும் இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் நேரடி விதைப்பில் முளைக்கும்போதே தண்ணீர் நின்றால் இந்த மரபணுவை நம்ப முடியாது. அரையாள் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கினாலும் அப்படித்தான்.

வானிலை அறிவிப்பில் கனமழை என்றால் யூரியாவைக் கையில் எடுக்காதீர்கள். தழைச்சத்து தின்று கொழுகொழுவென்று வளர்ந்த பயிரில் சேமிப்பு குறைவு. கலங்கல் தண்ணீர் நின்றால் வெளிச்சமும் உள்ளே போகாது, இன்னும் மோசம்.

வடிகால் வெட்டி இலை நுனி சீக்கிரம் வெளியே வரப் பாருங்கள், ஆனால் வயலை ஒரேயடியாகக் காயப்போட வேண்டாம். திடீரென ஆக்சிஜன் வந்ததும் மிச்சமிருக்கும் எத்தனால் அசிட்டால்டிஹைடாக மாறித் திசுவைத் தாக்கும், வெயிலும் சேர்ந்தால் இலை சுருண்டுவிடும். லேசாகச் சேறு தெரிகிற அளவு தண்ணீர் இருக்கட்டும்.

அப்புறம் நாலைந்து இடத்தில் ஒவ்வொரு குத்தை (ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும் நெற்பயிர்க் கொத்தை) பிடுங்கித் தண்டை அடியிலிருந்து நீளவாக்கில் கீறிப் பாருங்கள். மேலே இலை அழுகியிருந்தாலும் உள்ளே குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகிக் கொழகொழவென்று நாறினால் போனதுதான். புது இலை விட்ட பிறகே உரம் பற்றிப் பேசலாம்: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் கரைத்து இலைவழியாகத் தெளித்தால் வேர் தேறும்வரை தாக்குப்பிடிக்கும். செத்த குத்துக்களின் இடத்தை, அதே வயலில் நன்றாகத் தூர் கட்டியிருக்கும் குத்துக்களைப் பிரித்து நட்டு நிரப்பிக்கொள்ளலாம்.