மஞ்சட்பொட்டு

திருகோணமலை உவர்மலையில், வீட்டு விறாந்தையில் இருந்தபடி அம்மம்மா ஒருநாள் சொன்னார்: "பிள்ள, உன்ர சட்டை தெரியுது, முகந்தான் தெரியேல்ல." கண்ணில் வெள்ளை படருது, முத்தட்டும், பிறகு வெட்டலாம் என்றோம். மாதங்கள் போயின. கடைசியில் கிளினிக் துண்டில் இருந்ததோ வேறு சொல்: மக்குலர் டிஜெனரேஷன்.

மக்குலா இலத்தீன் சொல். புள்ளி, கறை என்று பொருள். முழுப்பெயர் மக்குலா லூட்டியா. லூட்டியா என்றால் மஞ்சள். விழித்திரையின் நடுவே ஏறத்தாழ 5.5 மில்லிமீற்றர் அகலமான இடம் அது. முட்டை மஞ்சட்கருவில் உள்ள அதே லூட்டின் போன்ற நிறப்பொருள்கள்தான் அதற்கும் மஞ்சள் நிறம் கொடுக்கின்றன. எழுத்து வாசிக்கவும் ஊசியில் நூல் கோர்க்கவும் ஆளை அடையாளம் காணவும் அந்த இடம் வேண்டும்.

தமிழ்ச்சொல் தேடி அலையத் தேவையில்லை. இங்கே விஞ்ஞானத்தைத் தமிழில் படித்தவர்கள் கண்ணின் படத்தில் குருட்டுப்பொட்டுக்குப் பக்கத்தில் 'மஞ்சட்பொட்டு' என்று குறித்திருப்பார்கள். 'புள்ளி' என்றும் எழுதுகிறார்கள். எனக்குப் பொட்டுத்தான் சரியாகப் படுகிறது. நெற்றியில் வைப்பது பொட்டு. வேலியில் ஆள் நுழையும் ஓட்டையும் எங்கள் பேச்சில் பொட்டு. இந்த நோயில் பார்வையின் நடுவில் விழுவது அப்படியான ஓட்டைதான். சுற்றிவர உள்ளது தெரியும்.

டிஜெனரேஷனுக்குத் 'தேய்வு' என்றால் மெல்ல மெல்லக் கெடும் உலர் வகைக்கு மட்டுமே பொருந்தும். ஈர வகையில் புதிதாக முளைக்கும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கசிந்து, சில கிழமைகளிலேயே பார்வையைக் கெடுத்துவிடலாம். ஆகவே 'சிதைவு'. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருவதால் 'முதுமை மஞ்சட்பொட்டுச் சிதைவு'.

வெள்ளை என்று நாங்கள் சொன்னது கண்புரையை. அது கண்ணின் வில்லையில் (லென்ஸில்) வருவது; வில்லையை மாற்றினால் பெரும்பாலும் பார்வை திரும்பும். மஞ்சட்பொட்டை மாற்ற முடியாது. ஈர வகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி கசிவை அடக்கும், ஆனால் நேரத்தோடு போகவேண்டும். 'முத்தட்டும்' என்பது இன்று புரைக்கே வேண்டாத பேச்சு.

இதைக் கண்டுபிடிக்கச் சுவிஸ் கண் வைத்தியர் மார்க் அம்ஸ்லரின் கட்டத்தாள் இருக்கிறது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கவேண்டும். நேர்கோடு நெளிந்தால் தாமதிக்கக் கூடாது. யன்னல் கம்பி வளைந்து தெரியுது என்று அம்மம்மா முகம் தெரியாமல் போவதற்கு முன்னமே சொல்லியிருந்தார். கடற்காற்றில் கறள் பிடித்து வளைந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.